பலகை போகட்டும்; பள்ளி வாழட்டும்!

எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட குழந்தை, கண்ணில் படுவதையெல்லாம் படித்துப் பார்க்கும். பேருந்தின் நெற்றியில் 'நத்தம்' என்றிருப்பதைப் படிக்கும். கடைவீதிப் பலகைகளைப் படிக்கும். மாசித் திருவிழாவுக்கு மாரியம்மன் கோயில் சுவரில் ஒட்டிய விளம்பரத்தைப் படிக்கும். படித்துவிட்டோம் என்ற பெருமிதத்தில் தாயின் முகத்தை நிமிர்ந்து பார்க்கும். அந்தக் குழந்தை ஒருநாள் தன் பள்ளி வாயிலில் தொங்கும் பலகையையும் படித்துவிடுகிறது. அதிலே ஊரின் பெயர் இருக்கிறது. அரசின் பெயர் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஒரு சாதியின் பெயரும் இருக்கிறது!

"அம்மா, இது என்ன?" என்று அது கேட்டால், அந்தத் தாய் என்ன மறுமொழி கூறுவாள்? எழுத்தறிவித்த பள்ளியே, எழுத்தறிந்த மறுகணம், 'நீ இன்ன சாதி' என்று அறிவித்துவிடுகிறதே! அறிவுக் கண்ணைத் திறந்தவுடன் அந்தக் கண்ணில் விழும் முதல் தூசு இதுவன்றோ!

அரசுப் பள்ளிகளின் பெயர்களோடு ஒட்டியிருக்கும் சாதிப் பெயர்கள் நீங்க வேண்டுமா, நீங்கினால் அப்பள்ளிகள் என்னவாகும் என்ற வழக்கு, நாட்டோர் முன் சில ஆண்டுகளாக இருந்து வருகிறது. திண்டுக்கல் சீமையில் வாழும் நமக்கு இது ஏட்டு வழக்கன்று; வீட்டு வழக்கு. 'ஆதிதிராவிடர் நலப் பள்ளி' என்ற பெயரை நாம் அறிவோம். மதுரை, தேனி, திண்டுக்கல் ஆகிய மாவட்டங்களுக்கே உரிய 'கள்ளர் சீரமைப்புப் பள்ளி' என்ற பெயரையும் நாம் அறிவோம். ஆகவே, ஆத்திரமின்றியும் அச்சமின்றியும் இதனை ஆராய்ந்திடல் நம் கடமையாகிறது.

இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன? யாரோ ஒரு கொடியவர் வேண்டுமென்றே எழுதி மாட்டியவை என்று எண்ணிவிடாதீர்கள். இவற்றுக்கு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் கண்ணீரும் உண்டு, கருணையும் உண்டு.

ஒரு காலம் இருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடம் அக்கிரகாரத்திலோ, ஊர் நடுவிலிருந்த சாவடியிலோ, கோயில் மண்டபத்திலோ நடந்தது. சேரிப் பிள்ளை அந்தத் தெருவிலேயே கால் வைக்க முடியாது. கால் வைக்க முடியாதவன் கல்வி பெறுவது எங்ஙனம்? கர்னல் ஆல்காட் 1894-இல் சென்னையில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கெனத் தனிப் பள்ளியொன்றைத் திறந்தார். பின்னர், அந்நாளைய சென்னை அரசாங்கம் தொழிலாளர் துறை ஒன்றை அமைத்து, அதன் வாயிலாகச் சேரிகளுக்கு அருகிலேயே பள்ளிகளைத் திறந்தது. ஊர் கதவடைத்ததால் பிறந்தவை அந்தப் பள்ளிகள். அவையே பெயர் மாறி, துறை மாறி, இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாக வளர்ந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள்! தலைமுறை தலைமுறையாக, முதன்முதலில் கையெழுத்துப் போடக் கற்றவர்களை உருவாக்கித் தந்த பள்ளிகள்!

மற்றொரு பெயரின் வரலாறோ நம் நத்தத்து மலைகளையே தொட்டுச் செல்கிறது. 1755-ஆம் ஆண்டு. கர்னல் ஹெரான் என்னும் வெள்ளைத் தளபதி மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் வரி தண்டப் படையோடு வந்தான். வந்தவன், கோயிற்குடிக் கோயிலில் புகுந்து படிமங்களையும் கவர்ந்து சென்றான். திரும்பும் வழியில், நத்தம் கணவாயில், கள்ளர் குல மக்கள் அந்தப் படையை மறித்துத் தாக்கிப் படிமங்களை மீட்டனர். சிலைகளைக் கவர்ந்தவன் கர்னல். மீட்டவர்கள் மலையடிவாரத்து மக்கள். ஆனால், 'குற்றப் பரம்பரை' என்ற பட்டம் பின்னாளில் எவருக்குச் சூட்டப்பட்டது? கவர்ந்தவனுக்கா, மீட்டவருக்கா?

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வடநாட்டில் பிறந்து, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. மக்கள் அதற்கு இட்ட பெயர் 'ரேகைச் சட்டம்'. பிரமலைக் கள்ளர் ஊர்களில், குற்றம் ஏதும் செய்யாத ஆடவரும் கைரேகை பதிக்க வேண்டும். ஊரைவிட்டு வெளியே செல்லச் சீட்டு வாங்க வேண்டும். இரவிலே காவலர் கண் முன் கிடக்க வேண்டும். எதிர்த்து நின்ற உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிகள் வெடித்தன. 16 உயிர்கள் மடிந்தன. அந்தச் சட்டத்தின் இரும்புக் கையோடு 'சீரமைப்பு' என்றொரு மென்கையும் நீட்டப்பட்டது. பள்ளிகளும் விடுதிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் அதன் வழியே வந்தன. சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் ஒழிந்தது. சட்டம் பெற்றெடுத்த சொல் மட்டும் பள்ளி வாயிலில் தங்கிவிட்டது.

சீரமைப்பு! சீர் குலைந்திருந்தது எது? உழுது பிழைத்த குடியானவனா, அவனைப் பிறவிக் குற்றவாளி என்று பதிவு செய்த சட்டமா? சட்டந்தான் சீர்கெட்டது எனில், ஏழு வயதுப் பிள்ளை ஏன் அந்தச் சொல்லின் நிழலில் நின்று வணக்கப் பாடல் பாடவேண்டும்?

ஆகவே, பெயரை நீக்குக என்ற குரல் எழுந்தது. எழுந்ததில் வியப்பில்லை. 2023-24-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், பல துறைகளின் கீழ் நடக்கும் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையின்கீழ்க் கொண்டுவரப் போவதாகத் தமிழக அரசு அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், நாங்குநேரியில், உடன்படித்த மாணவர்களே ஒடுக்கப்பட்ட குலத்து மாணவன் ஒருவனை அவன் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினர். புத்தகம் சுமக்க வேண்டிய கை அரிவாள் சுமந்தது கண்டு நாடே நடுங்கிற்று. ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு அவர்கள் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அக்குழு தந்த அறிக்கை, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றது. சாதி காட்டும் வண்ணக் கயிறுகள் மாணவர் கைகளில் கூடாது என்றது. 2025 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றமும் கல்விக்கூடங்களின் பெயரில் சாதி கூடாதென உத்தரவிட்டது. அதே ஆண்டில், அரசு மாணவர் விடுதிகள் இனிச் 'சமூகநீதி விடுதி' என்று அழைக்கப்படும் என்ற அறிவிப்பும் வந்தது.

நல்லது என்போம், நெஞ்சாரச் சொல்வோம். ஆனால், அவ்வளவு எளிதாக முடிந்துவிடும் கதையா இது?

எதிர்ப்புக் குரலும் எழுந்தது, தோழர்களே! விந்தை என்னவெனில், ஒன்றோடொன்று ஒட்டாத இரு தரப்பிலிருந்தும் எழுந்தது. "எங்கள் முன்னோர் குருதி சிந்திப் பெற்ற பள்ளிகள் இவை. கலந்துவிட்டால் எங்களுக்கென்று இருந்த ஆசிரியப் பணியிடங்களும் விடுதிகளும் என்னவாகும்?" என்று ஒரு சாரார் கேட்டனர். "எங்களுக்கென ஒதுக்கிய பணத்தையே எங்களுக்குச் செலவிடாமல் திருப்பி அனுப்பிய நாட்களை நாங்கள் மறக்கவில்லை. தனித்துறையும் போய்விட்டால் எங்கள் பிள்ளையைக் கணக்கில் எடுப்பவர் யார்?" என்று மற்றொரு சாரார் கேட்டனர்.

இந்த அச்சத்தை எள்ளி நகையாடுவோர் உண்டு. நாம் நகையாடோம். வயிற்றுப் பசி அறிந்தவனே தன் தட்டை இறுகப் பற்றிக்கொள்வான். தட்டின் மேல் எழுதியிருக்கும் எழுத்து அவனுக்கும் பிடிக்கவில்லைதான். எழுத்தை அழிப்பதாகச் சொல்லிச் சோற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்பதே அவன் கலக்கம். அந்தக் கலக்கத்துக்கு உலக வரலாற்றிலே சான்றும் இருக்கிறது.

கடல் கடந்து அமெரிக்காவைப் பாருங்கள். கறுப்பருக்கு ஒரு பள்ளி, வெள்ளையருக்கு ஒரு பள்ளி. தனித்தனியே இருந்தாலும் சமமாக இருந்தால் போதும் என்று 1896-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தனிமைக்கு முத்திரை குத்திற்று. சமம் என்பது ஏட்டில். ஓட்டைக் கூரையும் கிழிந்த புத்தகமும் கறுப்புப் பிள்ளைக்கு! 58 ஆண்டுகள் கழித்து, 1954 மே 17 அன்று, கான்சாஸ் மாநிலத்து டொபீகா நகரிலிருந்து வந்த பிரவுன் வழக்கில், பிரித்து வைப்பதே சமமின்மைதான் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1957-இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிப் படியேறுவதற்குக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் இராணுவத்தையே அனுப்ப வேண்டியிருந்தது.

தீர்ப்பு வந்தது, திருநாள் வந்ததா? கேளுங்கள். வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்டு வட்டத்தார், கறுப்பருடன் சேர்ந்து படிப்பதைவிடப் பள்ளியே வேண்டாமென்று, 1959 முதல் 1964 வரை பொதுப் பள்ளிகள் அனைத்தையும் இழுத்து மூடினர். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி முளைத்தது. கறுப்புப் பிள்ளைகள் வீதியில் நின்றனர். மற்ற இடங்களில் பள்ளிகளை இணைத்தபோது, மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பருக்கென இருந்த பள்ளிகளே. வேலை இழந்தவர்கள் பல்லாயிரம் கறுப்பின ஆசிரியர்களே. கதவு திறந்தது உண்மை. ஆனால், பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்து, முதுகில் தட்டிக்கொடுத்த ஆசிரியர், திறந்த கதவுக்கு அப்பால் இல்லை!

இணைப்பு வேண்டும் என்பதற்கு அந்தத் தீர்ப்பு சான்று. பாதுகாப்பில்லாத இணைப்பு எளியவன் தலையில் விடியும் என்பதற்குத் தீர்ப்புக்குப் பின் நடந்தவை சான்று. இரு பாடங்களையும் சேர்த்தே படித்திடல் வேண்டும்.

அமெரிக்கத் தீர்ப்பு வெளிவந்த அதே 1954 மே மாதத்தில் தமிழகத்தில் நடந்ததையும் நினைவில் கொள்ளுங்கள். அதற்கு முந்தைய ஆண்டு, முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் புதிய தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொணர்ந்தார். பள்ளிகள் போதவில்லை, பிள்ளைகளோ பெருகிவிட்டனர் என்பது அவர் கூறிய காரணம். நாட்டுப்புறப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளி. மிச்சப் பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்பது! சலவைத் தொழிலாளி மகனுக்குத் துறை. சக்கிலியர் மகனுக்குத் தோல். குலக்கல்வி என்று நாடு அதற்குப் பெயர் சூட்டி எதிர்த்தது. தென்னாப்பிரிக்க வெள்ளை அரசு, கறுப்பருக்குக் கூலி வேலைக்கு வேண்டிய அளவே கல்வி போதும் என்ற கருத்தில் பாண்டு கல்விச் சட்டம் இயற்றியதும் அதே 1953-ஆம் ஆண்டில்தான். நோக்கம் வேறு என்று வாதிடலாம். இரண்டிலும் பிள்ளையின் எதிர்காலம் அவன் பிறந்த வீட்டிலேயே எழுதி முடிக்கப்படுகிறதே, அதை மறுக்க முடியுமா? 1954-இல் காமராசர் பொறுப்பேற்றார். மே திங்களில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 1956-இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. பட்டிதொட்டிகளில் பள்ளிகள் எழுந்தன. பள்ளிகள் போதவில்லை என்றால் பள்ளிகளைக் கட்டு. பிள்ளைகளைக் குறைக்காதே என்ற பாடத்தைத் தமிழகம் அன்று கற்றுக்கொண்டது.

அந்தப் பாடத்தின் அடுத்த வரியைத்தான் இன்று படிக்க வேண்டியிருக்கிறது.

"சாதிப் பெயர் வேண்டாமென்கிறீர்; அப்படியானால் சாதிச் சான்றிதழ் எதற்கு? ஒதுக்கீடு எதற்கு? உதவித்தொகை எதற்கு?" என்று குறுக்கே நின்று கேட்பவர் உண்டு. நத்தம் அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பாருங்கள். நோயாளியின் நோய் இன்னதென்று மருத்துவர் சீட்டில் எழுதுகிறார். எழுதாவிடில் மருந்து கொடுப்பது எப்படி? அந்த நோயின் பெயரை நோயாளியின் நெற்றியில் பச்சை குத்துகிறாரா? சான்றிதழ் மருத்துவச் சீட்டு. பள்ளிப் பலகை நெற்றிப் பச்சை. முன்னது நோய் தீருமட்டும் இருக்க வேண்டும்; பின்னது ஒரு நாளும் கூடாது. 1951-இல் செண்பகம் துரைராசன் வழக்கில் வகுப்புரிமை ஆணை செல்லாதென்று உச்சநீதிமன்றம் கூறியபோது, தமிழகம் கொதித்தெழுந்தது. அதே ஆண்டில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, பின்தங்கிய மக்களுக்குத் தனி ஏற்பாடு செய்யும் உரிமை அதிலே பொறிக்கப்பட்டது. அந்த உரிமை அரசியல் சட்டத்தில் இருக்கிறது. பள்ளி வாயிலில் மாட்டிய தகரப் பலகையில் இல்லை. பலகை இறங்கினால் உரிமை இறங்காது, இறங்கவும் விடலாகாது!

மாசித் திருவிழாவில் நம் ஊர் இளைஞர் கழுமரம் ஏறுவதைக் கண்டிருக்கிறீர்கள். வழுக்கும் மரம், ஏற ஏறச் சறுக்கும். வேடிக்கைக்கு ஏறும் மரத்திலேயே இத்தனை தவிப்பு என்றால், தலைமுறை தலைமுறையாய்ச் சறுக்கி விழுந்தவன் வாழ்க்கை மரத்தில் ஏறுகையில் தோள் கொடுப்பது சலுகையா? இத்தனை நாள் மரத்தில் எண்ணெய் பூசிய கைகள் செய்ய வேண்டிய கழுவாய் அன்றோ அது!

ஆகவே, நாம் கேட்பவை இவை.

முதலாவது, பெயர்ப் பலகைகள் மாறட்டும். 'அரசுப் பள்ளி' என்ற பெயரும் ஊரின் பெயரும் போதும். நிலம் கொடுத்தவர், கட்டடம் கட்டியவர் பெயர் இருக்கலாம். அவர் சாதி இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, எந்தத் துறையின்கீழ்ப் பள்ளி வந்தாலும், அதற்குரிய நிலம், கட்டடம், விடுதி, ஆசிரியப் பணியிடம் ஆகியவை ஒன்றுகூடக் குறையாதென்ற உறுதி எழுத்து வடிவில் வேண்டும். மாணவர் எண்ணிக்கை குறைவு என்று காரணம் காட்டிச் சேரியருகேயுள்ள பள்ளியை மூடிவிட்டு அதற்கு 'இணைப்பு' என்று பெயரிடலாகாது. கரந்தமலை அடிவாரத்துச் சிறுமிக்கு நான்கு கல் தொலைவில் மாளிகைப் பள்ளி எதற்கு? நடந்து செல்லும் தொலைவில் நல்ல பள்ளி வேண்டும்.

மூன்றாவது, ஆதிதிராவிடர், பழங்குடியினர்க்கென ஒதுக்கும் பணம் அவர்க்கே சென்று சேர 2024-இல் தமிழக சட்டமன்றம் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. அந்தச் சட்டத்தின் கண் இப்பள்ளிகளின் மீது இமையாமல் இருக்க வேண்டும். எவ்வளவு வந்தது, எதற்குச் செலவாயிற்று என்பதைப் பள்ளிச் சுவரில் எழுதட்டும். சாதியை எழுதிய இடத்தில் கணக்கை எழுதுங்கள்; சுவருக்கும் பெருமை, அரசுக்கும் பெருமை!

நான்காவது, பலகையோடு பழக்கமும் மாற வேண்டும். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, சிவப்புக் கயிறு, பச்சைக் கயிறு. அதைக் கண்டு அணி பிரியும் பிள்ளைகள்! 2019-இல் பள்ளிக் கல்வித் துறையே இதுகுறித்துச் சுற்றறிக்கை விடுத்தது. சுற்றறிக்கை சுற்றியது, கயிறு அவிழவில்லை. திருப்பூர் மாவட்டத்தில் 2018-இல் ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்ணொருவர் சத்துணவு சமைக்கக் கூடாதென்று ஊரார் சிலர் தடுத்தனர். சமபந்திக்காக வந்த சத்துணவிலேயே தீண்டாமையா? மதுரையில் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் இத்தகைய நஞ்சு கலந்திடாமல் காப்பது அரசின் கடன் மட்டுமன்று, ஊராரின் கடன்.

இன்னொன்றும் கூறுவோம். அரசுப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் சூட்டிவிட்டு, வசதி படைத்தோர் தம் பிள்ளைகளை மஞ்சள் வண்டியேற்றித் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் அனுப்பிவிட்டால் என்ன பயன்? சாதிச் சுவர் இடிந்த இடத்தில் கட்டணச் சுவர் எழும்பும். தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. இவை சுவரில் திறந்த சாளரங்கள். வாயில் எது? ஆலைக்காரர் மகனும், நத்தத்தில் ஆயத்த ஆடை தைக்கும் தாயின் மகளும் ஒரே பெஞ்சில் உட்காரத் தகுந்த நல்ல பொதுப்பள்ளியே வாயில்!

நாட்டோரே! 1755-இல் நம் கணவாயில் மீட்கப்பட்டவை படிமங்கள். இன்று மீட்கப்பட வேண்டியது ஒரு பிள்ளையின் மானம். அதற்கு ஆயுதம் வேண்டா. ஏணி ஒன்றும், தூரிகை ஒன்றும், மனத்துணிவும் போதும். ஆனால், ஏணியில் ஏறிப் பலகையை அழிப்பவர் இறங்கி வந்து பள்ளிக்குள்ளும் நுழைய வேண்டும். கூரை ஒழுகுகிறதா, ஆசிரியர் இருக்கிறாரா, பின்வரிசையில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளை யார், ஏன் ஒதுங்கினான் என்று பார்த்திடல் வேண்டும். பாராமல் திரும்பினால், பெயர் மாறியிருக்கும். பிள்ளையின் நிலை மாறியிராது.

நாளை ஒருநாள் அந்தக் குழந்தை மீண்டும் வாயிலில் நின்று எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும். 'அரசுப் பள்ளி' என்று முழங்கட்டும். "அம்மா, அரசு என்றால் யார்?" என்று கேட்டால், "நாமெல்லாரும்தான் கண்ணே!" என்று அந்தத் தாய் தயங்காமல் சொல்லும் நாளை உருவாக்குவோம். பலகை போகட்டும், பள்ளி வாழட்டும்!